மாத்திரை அட்டையில் மூன்றாவது பெயர்

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் அதைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. “இடுப்பு புடிச்சுக்கிச்சுங்க, சதை எளகற மாத்திரை குடுங்க” என்பார்கள். தாராபுரம் பக்கத்தில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். விசைத்தறியில் நாள் முழுக்க நிற்பவர், பனியன் கம்பெனியில் குனிந்தபடியே தைப்பவர், லாரியில் வடக்கே போய்த் திரும்பியவர், தண்ணீர்க் குடத்தை இடுப்புக்கு ஏற்றும்போது மளுக்கென்று பிடித்துக்கொண்ட அம்மா என்று எல்லோருக்கும் அந்த ஒரே மாத்திரைதான் வேண்டும். பழைய அட்டையின் ஒரு மூலையைக் கிழித்து மடியில் முடிந்து கொண்டுவந்து காட்டுவார்கள். பெரும்பாலும் பெயர் இல்லாத மூலையாக இருக்கும்.

முழு அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் மூன்று பெயர்கள் இருக்கும். அசிக்ளோஃபினாக் 100 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம், குளோர்சாக்சசோன் 250 மில்லிகிராம். இது ஒரு வகை. சில அட்டையில் மூன்றாவது இடத்தில் தயோகால்சிகோசைடு இருக்கும், சிலவற்றில் டிசானிடின். முதல் பெயர் வலிமருந்து என்று பலருக்கும் தெரியும். பாராசிட்டமாலைத் தெரியாத வீடு இல்லை. மூன்றாவதைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. எழுதிக் கொடுக்கிறவரும் பல நேரம் சொல்வதில்லை. அந்த மூன்றாவதுதான் தசைத் தளர்த்தி. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பேரைக் கேட்டதும், மாத்திரை வயிற்றில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, நேராகப் பிடித்துக்கொண்ட சதைக்குப் போய் அதை இளக்கிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது வேறு. வாய்வழியாகக் கொடுக்கும் தசைத் தளர்த்திகளில் டான்ட்ரோலின் என்ற ஒன்றுதான் தசைக்குள்ளேயே வேலை செய்கிறது. அது இடுப்புப் பிடிப்புக்குக் கொடுப்பதே இல்லை. மற்ற எல்லாமே மூளையிலும் தண்டுவடத்திலும் போய்த்தான் வேலை செய்கின்றன. தசையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி நரம்பு வழியாக வரும் உத்தரவைக் குறைக்கின்றன. அதோடு சேர்த்து விழிப்பையும் கொஞ்சம் குறைத்துவிடுகின்றன. இடுப்பில் ஓர் இடத்தில் பிடித்துக்கொண்டதற்கு ஆள் மொத்தமும் கொஞ்சம் மந்தமாகிறார். இந்த மருந்துகளின் பயனும் ஆபத்தும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே வருகின்றன.

இதன் வரலாறும் அதையே காட்டுகிறது. செக் நாட்டில் பிறந்த ஃபிராங்க் பெர்கர் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் 1940களில் இங்கிலாந்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் இருந்தார். அப்போது பென்சிலின் புதுசு. அதைச் சிதைத்துவிடும் பாக்டீரியாக்களைக் கொல்ல ஏதாவது வழி உண்டா என்று தேடிக்கொண்டிருந்தார். அதற்காகச் செய்த ஒரு வேதிப்பொருளை எலிகளுக்குக் கொடுத்தபோது அவை கண் விழித்தபடியே துவண்டு கிடந்தன. மூச்சும் இதயத் துடிப்பும் சரியாக இருந்தன, உடம்பு மட்டும் தளர்ந்துவிட்டது. 1946-ல் அதைப் பற்றி எழுதினார். அந்த மருந்து மெஃபெனிசின். அதன் வேகம் சீக்கிரமே அடங்கிவிடும் என்பதால், அமெரிக்காவுக்குப் போன பிறகு இன்னும் நீடித்து நிற்கிற ஒன்றைத் தேடினார். கிடைத்தது மெப்ரோபமேட். அது 1955-ல் ‘மில்டவுன்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்து, மனப்பதற்றத்துக்கான மாத்திரையாக அமெரிக்காவையே ஆட்டிவைத்தது. சதையை இளக்கும் மருந்தும் மனசை அடக்கும் மருந்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நான்கு வருடம் கழித்து, 1959-ல், அதே ஆய்வகத்திலிருந்து கேரிசோப்ரோடால் வந்தது. தசைப்பிடிப்புக்கு என்று சொல்லி விற்றார்கள். உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை மெப்ரோபமேட்டாகத்தான் மாற்றுகிறது. அதன் கதை பின்னால் வருகிறது.

சரி, இந்த மாத்திரை வேலை செய்கிறதா?

செய்கிறது, கொஞ்சம். எவ்வளவு கொஞ்சம் என்பதைப் பார்க்க வேண்டும். 2021-ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. இடுப்பு வலிக்குத் தசைத் தளர்த்தி கொடுத்துப் பார்த்த 31 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 6,505 பேரின் கணக்கை, ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். வலியை 0 முதல் 100 வரை அளந்தால், புதிதாக வந்த வலியில், முதல் இரண்டு வாரத்துக்குள், இந்த மருந்து சுமார் 8 புள்ளி குறைக்கிறது. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவரை விட அவ்வளவுதான் வித்தியாசம். 60-ல் இருந்த வலி 52-க்கு வந்தால் நோயாளிக்கு அது பெரிதாகத் தெரியாது. தூக்கக் கலக்கம், தலைச்சுற்றல், குமட்டல் போன்ற தொந்தரவுகளோ கூடுதலாக இருந்தன.

இன்னொரு ஆய்வு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது நம் கடை மாத்திரையின் கேள்வியையே கேட்கிறது. நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியிலிருக்கும் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் திடீர் இடுப்பு வலியோடு வந்த 323 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் நேப்ராக்சன் என்ற வலிமருந்து. அதோடு ஒரு குழுவுக்குச் சைக்ளோபென்சாப்ரின் என்ற தசைத் தளர்த்தி, ஒரு குழுவுக்கு ஓபியாய்டு என்ற அபினி வகை வலிமருந்து கலந்த மாத்திரை, ஒரு குழுவுக்கு மாவு மாத்திரை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. 2015-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது இது. வலிமருந்தோடு தசைத் தளர்த்தியைச் சேர்த்துக் கொடுப்பதால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. நம் ஊரில் அந்தச் சேர்க்கையை ஒரே மாத்திரையாக அழுத்தியே விற்கிறோம்.

“அப்புறம் எதுக்குங்க டாக்டர் எழுதறாரு? எனக்குச் சாப்பிட்டாக் கேக்குதே?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிடித்துக்கொண்ட முதல் இரண்டு மூன்று இரவுகள் மோசமானவை. புரண்டு படுக்க முடியாது. தூக்கம் இல்லாவிட்டால் வலி இரட்டிப்பாகத் தெரியும். அந்த இரவுகளில் ஒரு தசைத் தளர்த்தி ஆளைத் தூங்கவைத்துவிடுகிறது. காலையில் எழுந்திருக்கும்போது பாதிப் பாரம் இறங்கியதுபோல இருக்கும். என் கணிப்பில் இந்த மருந்தின் உண்மையான உபயோகம் அந்தத் தூக்கத்தில்தான் இருக்கிறது. அது ஒன்றும் சின்ன விஷயமில்லை. ஆனால் மூன்றாம் நாள், நான்காம் நாள் சதை தானாகவே இளக ஆரம்பிக்கும். புதிதாக வந்த இடுப்பு வலியில் பெரும்பாலானவை சில வாரங்களில் மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறைந்துவிடும். அந்தப் பெயரை மாத்திரை வாங்கிக்கொள்கிறது. அடுத்த முறை வலி வந்தால் அட்டையின் மூலை மடியில் தயாராக இருக்கும்.

நாள்பட்ட வலிக்கு வந்தால் கணக்கே வேறு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கான முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொன்ன மருந்துகளின் வரிசையில் தசைத் தளர்த்திகளும் இருக்கின்றன. எங்கள் கடையில் இதை அதிகம் வாங்குவது யார் என்று பார்த்தால், வருடக்கணக்கில் இடுப்பு வலியோடு இருப்பவர்கள்தான்.

இனி மூன்றாவது பெயர்களைத் தனித்தனியாகப் பார்க்கலாம்.

குளோர்சாக்சசோன். ஒருநாள் காலையில் ஒரு பெரியவர் கடையின் ஓரமாக வந்து நின்றார். கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தம்பி, நீர் செங்கல் கரைச்ச மாதிரி போகுது. ரத்தமாட்ட இருக்குது” என்றார். கை நடுங்கியது. என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டு அட்டையை வாங்கிப் பார்த்தேன். குளோர்சாக்சசோன் சிலருக்குச் சிறுநீரை ஆரஞ்சு நிறத்திலோ செவ்வூதாவிலோ மாற்றும். மருந்து சிதைந்து வெளியேறும் நிறம் அது, அதனால் கெடுதல் இல்லை. யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டிருக்க மாட்டார். இருந்தாலும் அவரை வெளிச்சத்துக்கு வரச் சொல்லிக் கண்ணைப் பார்த்தேன். பசி எப்படி, வாந்தி உண்டா, உடம்பு அரிக்கிறதா என்று கேட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் நீரையும் கல்லீரலையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். காரணம், இதே மருந்து அபூர்வமாகக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கும். அமெரிக்காவில் 1958-லிருந்து இருக்கிற மருந்து இது. கல்லீரல் செயலிழந்து உயிர் போன சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிறம் மட்டும் மாறினால் பயமில்லை. கண் மஞ்சளாகி, பசி செத்து, வலது விலாவுக்குக் கீழே வலித்தால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு ஓட வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. குளோர்சாக்சசோனைச் சிதைப்பது கல்லீரலில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட நொதி. சாராயத்தைச் சிதைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. பாராசிட்டமாலில் ஒரு பகுதியை நச்சாக மாற்றுவதும் அதே நொதிதான். ஆக, சாயங்காலம் டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டு, உடம்பு வலிக்கு இந்தக் கூட்டு மாத்திரையையும் போட்டுப் படுப்பவர் மூன்று வேலையை ஒரே ஆளின் தலையில் கட்டுகிறார். எங்கள் பக்கம் இது தினசரி நடக்கிற காட்சி. மூளையில் இரண்டும் சேர்ந்து தூக்கத்தை ஆழமாக்குவது தனிக் கணக்கு.

தயோகால்சிகோசைடு. இந்தப் பெயரைப் பார்க்கும்போது எனக்குக் கடை மறந்து தோட்டம்தான் ஞாபகம் வரும். எங்கள் பக்கம் மூலனூர், கன்னிவாடி, அந்தப் பக்கம் அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் வரைக்கும் கண்வலிக் கிழங்கு பயிர் உண்டு. செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். மழைக்காலத்தில் கம்பிப் பந்தலில் கொடி ஏறி, மஞ்சளும் சிவப்புமாக நெருப்புப் பிடித்த மாதிரி பூத்து நிற்கும். வண்டுகளை நம்பினால் காய் பிடிப்பது குறைவு என்பதால், காலையில் ஆட்கள் வரிசையாகப் போய்ப் பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு வைப்பார்கள். நாள் முழுக்கக் குனிந்தும் நிமிர்ந்தும் செய்கிற வேலை. அந்தப் பெண்கள்தான் சாயங்காலம் எங்கள் கடையில் இடுப்பு வலி மாத்திரை கேட்பவர்கள். காய் காய்ந்ததும் விதையை எடுத்து மூட்டை கட்டுவார்கள். விலை ஒரு வருடம் ஏறும், மறு வருடம் படுத்துவிடும். நல்ல விலைக்காக வீட்டிலேயே மூட்டையை வைத்துக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

அந்த விதை ஐரோப்பாவுக்கெல்லாம் போகிறது. அதிலிருந்து கால்சிசின் எடுக்கிறார்கள், அது ‘கௌட்’ என்கிற கீல்வாதத்துக்கான மருந்து. கால்சிகோசைடு என்ற இன்னொரு பொருளும் அதில் இருக்கிறது. அதை வேதிமுறையில் கொஞ்சம் மாற்றினால் தயோகால்சிகோசைடு. நம் காட்டு விதை மருந்தாக மாறி, 4 மில்லிகிராம், 8 மில்லிகிராம் என்று அட்டையில் ஏறி, விதைத்தவர் கைக்கே திரும்பி வருகிறது. ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். “அந்த வெசத்தையா எனக்குக் குடுக்கறீங்க?” என்று ஒரு பாட்டி கேட்டார். கேள்வியில் தப்பில்லை. கண்வலிக் கிழங்கைத் தின்று உயிரை விட்டவர்களின் கதை எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

கால்சிசின் செல்கள் பிரியும்போது குரோமோசோம்கள் சரிசமமாகப் பிரிவதைத் தடுக்கும். பயிர் ஆராய்ச்சியாளர்கள் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தயோகால்சிகோசைடு தசைத் தளர்த்தியாக ஐரோப்பாவில் பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நடந்த சோதனைகளில், உடம்பில் அது சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள், பிரிகிற செல்களில் குரோமோசோம் எண்ணிக்கையைக் குழப்புகிறது என்று தெரியவந்தது. குடும்பக் குணம் போகவில்லை. அதுவும், மனிதர்கள் சாப்பிடும் அதிகபட்ச அளவில் உடம்பில் சேர்வதைவிட ரொம்ப அதிகமில்லாத அளவிலேயே. இத்தாலி கேட்டுக்கொண்டதன்பேரில் ஐரோப்பிய மருந்து முகமை பரிசீலித்து 2013 நவம்பரில் கட்டுப்பாடுகளைச் சொன்னது. வாய்வழியாக என்றால் ஒரு வேளைக்கு அதிகபட்சம் 8 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 7 நாளுக்கு மேல் கூடாது. ஊசி என்றால் 5 நாள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் கூடவே கூடாது. கருத்தடை முறை எதையும் பின்பற்றாத, கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் கூடாது. 16 வயதுக்குக் கீழே கூடாது. நாள்பட்ட வலிக்குக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வலிப்பைத் தூண்டக்கூடும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதியே இல்லை.

இந்த விவரத்தில் என்னை உறுத்துவது அந்த ‘கருத்தரிக்கும் வயதுப் பெண்கள்’ என்கிற வரி. இருபத்தைந்து வயதுத் தையல்காரப் பெண் கழுத்து வலி என்று வந்தால், இந்த மாத்திரை கொடுப்பதற்கு முன் நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று யாராவது கேட்கிறார்களா? கூட்டத்தில், பக்கத்தில் நாலு ஆம்பிளைகள் நிற்கும்போது, கேட்டாலும் அவர் பதில் சொல்வாரா? எங்கள் கடையில் அக்கா ஒருவர் இருக்கிறார், அவர்தான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். எல்லாக் கடையிலும் அப்படி ஓர் அக்கா இல்லை.

டிசானிடின் முழுக்க வேறு ரகம். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் குளோனிடின் என்ற மருந்தின் சொந்தக்காரன். அதனால் இதுவும் அழுத்தத்தைக் குறைக்கும். வாய் வறண்டு ஒட்டிக்கொள்ளும், தூக்கம் தள்ளும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடும் அறுபது எழுபது வயதுக்காரர் இதைச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். விழுந்தால் தொடை எலும்பு. சதைப்பிடிப்புக்கு மாத்திரை வாங்கியவர் அறுவை சிகிச்சையில் போய் நிற்பார். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தசைத் தளர்த்திகள் பல அதில் இருப்பதற்குத் தூக்கக் கலக்கமும் விழுதலும் எலும்பு முறிவும்தான் முக்கியக் காரணம்.

டிசானிடினில் இன்னும் மோசமான ஒரு ஜோடி இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின். வயிற்றுப்போக்கு, நீர்க்கடுப்பு என்றால் நம் ஊரில் தானாகவே கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக். கல்லீரலில் டிசானிடினைச் சிதைக்கும் நொதியைச் சிப்ரோ முடக்கிவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் இரத்தத்தில் சேர்ந்த டிசானிடின் சராசரியாக 10 மடங்கு ஆனது. ஒரு மாத்திரை சாப்பிட்டவர் பத்து மாத்திரை சாப்பிட்ட மாதிரி. அழுத்தம் அடியோடு விழுந்துவிடும். மன அழுத்தத்துக்கும் எண்ணச் சுழலுக்கும் கொடுக்கும் ஃப்ளுவோக்சமின் இதைவிடக் கடுமை. இந்த இரண்டோடும் டிசானிடினைச் சேர்க்கவே கூடாது என்பது விதி. ஆனால் சிப்ரோ ஒரு டாக்டர், இடுப்பு வலிக்கு இன்னொரு டாக்டர், வாங்குவது இரண்டு கடை என்றால் விதி யாருக்குத் தெரியும்? வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்று நாங்கள் கேட்டால், அவசரத்தில் “உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்” என்று கோபித்துக்கொள்பவர்களும் உண்டு. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேரிசோப்ரோடாலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் மெப்ரோபமேட்டாக மாறுவதால் பழக்கத்துக்கு இழுக்கும். ஐரோப்பிய முகமை 2007-ல் அதை நிறுத்திவைக்கச் சொன்னது. அமெரிக்கா 2012 ஜனவரியில் கட்டுப்பாட்டுக்குரிய மருந்தாக அறிவித்தது. 2025 பிப்ரவரியில் பிபிசி ஒரு புலனாய்வை வெளியிட்டது. டாபென்டடால் என்ற ஓபியாய்டையும் கேரிசோப்ரோடாலையும் ஒரே மாத்திரையாக்கி இந்தியாவிலிருந்து கானா, நைஜீரியா போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். உலகில் எங்கும் அனுமதி பெறாத சேர்க்கை அது. அங்கே இளைஞர்கள் அதைத் தெருவில் வாங்கிப் போதைக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். செய்தி வந்த பிறகு இந்திய அரசு அந்தச் சேர்க்கைக்கான தயாரிப்பு, ஏற்றுமதி அனுமதிகளை ரத்து செய்தது. ஓபியாய்டு மூச்சை மந்தமாக்கும், இதுவும் மந்தமாக்கும். இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம். நம் ஊரில் டிரமடால் என்ற ஓபியாய்டைக் கேட்டு வரும் சில பையன்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வருகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டுப் பேக்லோஃபெனைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 1960களில் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் வலிப்பு நோய்க்காகச் செய்யப்பட்டது. வலிப்புக்குச் சரிப்படவில்லை. ஆனால் தண்டுவடம் அடிபட்டவர்களின் கால் விறைப்பைக் குறைத்தது. தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், பிறவியிலேயே மூளை பாதித்த குழந்தைகள் ஆகியோரின் கை கால் தானாக இறுகி மடங்கிக்கொள்ளும். அது பிடிப்பு இல்லை, நரம்பின் கட்டுப்பாடு போனதால் வரும் விறைப்பு. பேக்லோஃபென் சாப்பிட்டால்தான் காலை நீட்டித் துடைத்துவிடவும் சக்கர நாற்காலியில் உட்காரவைக்கவும் முடிகிறது என்று ஒருவரின் மனைவி சொன்னார். அவர் மாதாமாதம் வருவார், டாக்டர் சீட்டோடு. ஒருமுறை கையில் காசு குறைவு, “பத்து நாளைக்கு இல்லாம ஓட்டிக்கலாமுங்களா?” என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். நாள்பட்டுச் சாப்பிடும் பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் விறைப்பு இரண்டு மடங்காகத் திரும்பும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் அடிக்கும், வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லும்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அளவைப் பிரித்துக் கையிலிருந்த காசுக்குக் கொடுத்தோம், மீதியை வாரம் கழித்து வாங்கிக்கொண்டார்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதே பேக்லோஃபென் எமன். பெரும்பகுதி சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர் குறைந்த அளவு சாப்பிட்டாலே குழம்பிப் பேசுவார், எழுப்பினாலும் எழாத தூக்கத்துக்குப் போய்விடுவார். விக்கலுக்கு என்று எழுதிக்கொடுத்து இப்படி ஆவது உண்டு.

கூட்டு மாத்திரையில் எனக்கு இருக்கும் பெரிய குறை, எதையும் தனியாகக் குறைக்க முடியாது என்பது. நாலாம் நாள் சதை இளகிவிட்டது, வலிமருந்து மட்டும் இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்றால் வழியில்லை. ராத்திரிக்கு மட்டும் தசைத் தளர்த்தி போதும் என்றாலும் வழியில்லை. பகலில் தறி ஓட்டுகிறவர், டூவீலரில் போகிறவர், லாரி ஸ்டியரிங் பிடிக்கிறவர் எல்லோரும் காலை வேளைக்கும் சேர்த்தே தூக்க மருந்தை விழுங்குகிறார்கள். தேவையில்லாத கூட்டு மருந்துகள் என்று இந்திய அரசு 2016-ல் 344 சேர்க்கைகளையும் 2024 ஆகஸ்டில் இன்னும் 156 சேர்க்கைகளையும் தடை செய்தது. அசிக்ளோஃபினாக் 50 மில்லிகிராமும் பாராசிட்டமால் 125 மில்லிகிராமும் சேர்ந்த ஒன்று அந்த 156-ல் இருந்தது. ஆனாலும் கடை அலமாரியில் வலிக்கான கூட்டு மாத்திரைக்குப் பஞ்சமில்லை. கம்பெனி வைத்த பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இரண்டு எழுத்து வால் மாறினால் உள்ளே இருக்கும் மூன்றாவது மருந்தும் மாறிவிடும். முன்பெயர் ஒன்றாக இருப்பதால் “அதேதான் இது” என்று வாங்கிப் போவார்கள். கடைப் பையன் அவசரத்தில் மாற்றி எடுத்துக்கொடுப்பதும் நடக்கும்.

ஆகவே வாங்கும்போது அட்டையைத் திருப்பி மூன்றாவது பெயரை வாய்விட்டுப் படியுங்கள். படிக்க வராவிட்டால் கடைக்காரரைப் படிக்கச் சொல்லுங்கள், அது எங்கள் வேலை. பிரஷர், சுகர், தூக்கம், மனநலம், ஆன்டிபயாட்டிக் என்று வேறு எது ஓடினாலும் சொல்லுங்கள். கர்ப்பமோ, அதற்கான சந்தேகமோ இருந்தால் சொல்லுங்கள். முதல் வேளையை ராத்திரி போட்டுப் பாருங்கள், காலையில் எவ்வளவு மந்தமாக இருக்கிறது என்பது தெரிந்த பிறகு வண்டியைத் தொடுங்கள். குடித்த நாளில் வேண்டாம். ஐந்து நாளைக்கு எழுதியிருந்தால் ஐந்து நாள்தான். ஆறாம் நாளும் வலி அப்படியே இருந்தால் எங்களிடம் வராமல் எழுதியவரிடம் போங்கள். மீந்துபோன நாலு மாத்திரையைப் பக்கத்து வீட்டு அத்தைக்குக் கொடுக்காதீர்கள், அவருடைய பிரஷர் மாத்திரை உங்களுக்குத் தெரியாது.

கூடவே கொஞ்சம் நடங்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். இடுப்பு வலி என்றால் பத்து நாள் கட்டிலில் படுத்துக் கிடக்க வேண்டும் என்பது பழைய வைத்தியம். வலி தாங்குகிற அளவுக்கு எழுந்து நடமாடுகிறவர்கள்தான் சீக்கிரம் தேறுகிறார்கள்.

இடுப்பு வலியோடு காலில் பலம் குறைந்து செருப்பு தானாகக் கழன்று போனாலோ, தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, நீர் இறங்காமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே மலம் போனாலோ எந்த மாத்திரையும் கேட்காதீர்கள். தண்டுவடத்தின் அடியில் நரம்புக் கொத்து நசுங்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். அப்படி வந்த ஒருவரை எங்கள் கடையிலிருந்து நேராக 108-ல் ஏற்றிவிட்டோம். அவர் கேட்டு வந்தது சதை எளகற மாத்திரைதான்.